டயருக்கும் தேதி முத்திரை உண்டு

போன மாதம் என் காரைக் கழுவ, கடலூர் சாலையில் உள்ள ஒரு வாட்டர் சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போயிருந்தேன். கழுவித் துடைத்து முடித்த பையன் ஒரு பழைய தண்ணீர் பாட்டிலை எடுத்தான். அதில் பால் போல வெள்ளையாக ஏதோ ஊற்றினான். பிறகு அதே அளவு தண்ணீர் சேர்த்துக் குலுக்கினான்.

"தம்பி, என்ன பால் இது?" என்று கேட்டேன்.

"டயர் பாலிஷ் சார். கேன்ல கெட்டியா வரும். டயருக்கு ஒண்ணுக்கு ஒண்ணு தண்ணி. டேஷ்போர்டுக்கு ஒண்ணுக்கு நாலு. எல்லாம் ஒரே பால்தான் சார், தண்ணிதான் வித்தியாசம்."

ஒரே பால், தண்ணீர்தான் வித்தியாசம். பால்காரர்களிடம் இதைப் பல வருஷம் அனுபவித்திருக்கிறேன். ஆனால் பையன் சொன்னதில் உண்மை இருந்தது. அந்தப் பாலைப் பற்றியும், அது பூசப்படும் ரப்பரைப் பற்றியும் எனக்குத் தெரிந்த கதையை இன்று எழுதுகிறேன். எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டயர் பளபளப்பை நம்பி நான் ஒரு முறை ஏமாந்தேன். அன்று போக இருந்தது என் உயிர் மட்டுமல்ல.

2010-இல் அறுபது வயதில் ஓய்வு பெற்றேன். கையில் கொஞ்சம் பணம் வந்தது. அதுவரை சைக்கிளும் மொபெட்டும்தான். "பேரனைப் பார்க்க பஸ்ஸில் முட்டி மோதிக்கொண்டு சென்னைக்குப் போக வேண்டுமா?" என்று மனைவி கேட்டாள். ஒரு தரகர் மூலம் ஒரு சிறிய பழைய கார் வாங்கினேன். ஒரே கை, எட்டு வருஷத்தில் 22,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. "சார், டயரைப் பாருங்க, பட்டன் அப்படியே இருக்கு, புதுசு மாதிரி மின்னுது" என்றார் தரகர். பார்த்தேன். உண்மையாகவே மின்னியது. பட்டன் ஆழமாக இருந்தது. வாங்கிவிட்டேன்.

அடுத்த மே மாதம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பின் இருக்கையில் மனைவி, அவள் மடியில் மூன்று வயதுப் பேரன். மரக்காணம் உப்பளங்களுக்குச் சற்று முன்னால், பின்பக்க இடது டயர் வெடித்தது. வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய், சாலையை விட்டு இறங்கி மணலில் புதைந்து நின்றது. எதிரே பஸ் ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

உப்பு லாரி ஓட்டுநர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து ஸ்டெப்னி மாட்ட உதவினார். கிழிந்த டயரைக் கையில் எடுத்து மடக்கினார். பக்கச்சுவர் முழுக்க மயிரிழை மயிரிழையாக வெடிப்பு விரிந்தது.

"ஐயா, இது ரப்பர் இல்ல, அப்பளம்" என்றார். பிறகு டயர் பக்கத்தில் எழுத்துகளின் நடுவே இருந்த ஒரு சின்னக் கட்டத்தை விரலால் துடைத்துக் காட்டினார். நான்கு எண்கள்: 1802. "பதினெட்டாவது வாரம், ரெண்டாயிரத்து ரெண்டாம் வருஷம். ஒம்பது வயசு. பட்டன் இருந்து என்ன பிரயோஜனம்?"

முப்பத்தைந்து வருஷம் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். எந்தத் தாள் மேஜைக்கு வந்தாலும் முதலில் தேதி முத்திரையைத்தான் பார்ப்பேன். தேதி இல்லாத மனுவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் நான்கு டயர்களில் அச்சடித்திருந்த தேதியைப் பார்க்காமல் விட்டேன். மின்னுகிறதே என்று விட்டேன். பேரன் அன்று வீடு வரை அழுதுகொண்டே வந்தான். மனைவி ஆறு மாதம் அந்தக் காரில் ஏறவில்லை.

அன்றிலிருந்து ரப்பர் பற்றி எது கண்ணில் பட்டாலும் படிக்கும் பழக்கம் வந்தது.

ரப்பருக்கும் எனக்கும் பழைய பகை ஒன்று உண்டு. நான் படித்தது பிரெஞ்சு வழியில். 'திக்தே' என்று ஒரு பாடம். ஆசிரியர் வாசிப்பார், நாங்கள் எழுத வேண்டும். ஐந்து பிழைக்கு மேல் போனால் சைபர். பிரெஞ்சில் ரப்பருக்குப் பெயர் 'கவுச்சூ'. அதன் கடைசி எழுத்து வாயில் வராது, தாளில் வர வேண்டும். அந்த ஒரு எழுத்தை விட்டுவிட்டு நான் வாங்கிய சைபர் இன்னும் நினைவில் இருக்கிறது. என்னைப் போலப் படித்த பாண்டிக்காரர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள்.

அந்தச் சொல்லை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தவர் ஷார்ல் மரி தெ லா கோந்தமின் என்ற பிரெஞ்சு அறிஞர். பூமியின் வடிவத்தை அளக்க 1735-இல் தென் அமெரிக்காவுக்குப் போன குழுவில் ஒருவர். மறு வருஷம் பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு ஒரு கறுப்பு நிறப் பிசினின் மாதிரியை அனுப்பினார். அங்குள்ள பழங்குடி மக்கள் ஒரு மரத்தைக் கீறி, வடியும் பாலைப் புகையில் காட்டிக் காயவைத்துப் பந்தும் காலணியும் குப்பியும் செய்தார்கள். 'அழும் மரம்' என்று அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்வார்கள். பிரான்சுவா ஃபிரெனோ என்ற பொறியாளர் பிரெஞ்சு கயானாவில் அந்த மரத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். அவர் எழுதியதை லா கோந்தமின் 1751-இல் கழகத்தில் படித்தார். மரத்திலிருந்து வருவது கெட்டிப் பொருள் அல்ல, பால் என்பதை நினைவில் வையுங்கள். தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய ரப்பர்த் துளிகள். வாட்டர் சர்வீஸ் பையன் குலுக்கிய பாலும் இதே ஜாதிதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஐரோப்பியர் கையில் ரப்பர் வந்தவுடன் ஒரு தொல்லை தெரிந்தது. அது வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. 1823-இல் சார்ல்ஸ் மெக்கின்டோஷ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ரப்பரை நாப்தாவில் கரைத்துத் துணியில் பூசி மழைக்கோட்டு செய்து காப்புரிமை வாங்கினார். மழைக்கு நன்றாக இருந்தது, கோடையில் ஒட்டிக்கொண்டது. இதிலிருந்து நமக்கு ஒரு பாடம் உண்டு. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் கரையும் அல்லது ஊறிப் பருக்கும். இருநூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்த செய்தி இது. ஆனாலும் நம் ஊரில் மண்ணெண்ணெயும் டீசலும் நனைத்த துணியால் டயரைத் துடைக்கும் வழக்கம் இன்றுவரை போகவில்லை. நானே மொபெட் டயரை அப்படித் துடைத்திருக்கிறேன். உடனே கறுப்பாக மின்னும். அந்த மினுமினுப்பு டயருக்குச் செய்த நன்மை என்று நினைத்தேன்.

ரப்பரின் பிசுபிசுப்பைத் தீர்த்தவர் அமெரிக்காவின் சார்ல்ஸ் குட்இயர். 1839-இல் கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்பில் பட்டபோது உருகாமல் தோல் போல உறுதியானதைக் கண்டார். 1844-இல் காப்புரிமை கிடைத்தது. பணம் கிடைக்கவில்லை. 1860-இல் இறந்தபோது அவர் தலையில் சுமார் இரண்டு லட்சம் டாலர் கடன் இருந்தது. உலகம் முழுதும் டயரில் பார்க்கும் அவர் பெயர், அவருக்குப் பின்னால் வேறொருவர் தொடங்கிய கம்பெனிக்கு மரியாதையாக வைக்கப்பட்டது.

1888-இல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயர் செய்தார். காற்று டயரைக் காருக்குக் கொண்டுவந்ததில் பிரெஞ்சுக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். கிளெர்மோன் ஃபெரான் ஊரைச் சேர்ந்த ஆந்த்ரே, எதுவார் மிஷ்லேன் சகோதரர்கள் 1895-இல் பாரிஸிலிருந்து பொர்தோ போய்த் திரும்பும் சுமார் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில் காற்று டயர் மாட்டிய காரை ஓட்டினார்கள். வழியெல்லாம் பஞ்சர். பரிசு இல்லை. ஆனால் காற்று டயரில் கார் ஓடும் என்று ஊர் பார்த்துவிட்டது.

அந்தக் கம்பெனியின் பொம்மையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். டயர்களை அடுக்கி வைத்தாற்போல் தொப்பையும் கையுமாக நிற்கும் பிபெந்தம். 1898-இல் விளம்பரத்தில் வந்தவர். பிரெஞ்சுப் பத்திரிகை விளம்பரங்களில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம்: டயர் கறுப்பு, இவர் மட்டும் ஏன் வெள்ளை? விடை தெரிய ஐம்பது வயது ஆயிற்று. அவர் பிறந்த காலத்தில் டயரே வெள்ளைதான். ரப்பர் பாலின் நிறமும், அதில் கலந்த துத்தநாக ஆக்சைடின் வெள்ளையும் சேர்ந்த நிறம் அது.

பிறகு டயரைக் கறுப்பாக்கியது அழகுக்காக அல்ல. 1904-இல் லண்டனின் சில்வர்டவுனில் இருந்த ஒரு ரப்பர் தொழிற்சாலையில், எஸ். சி. மோட் என்பவர் ரப்பரில் புகைக்கரியைக் கலந்து பார்த்தார். கார்பன் பிளாக் என்று சொல்கிறார்களே, அதுதான். நம் பாட்டிமார் விளக்குச் சுடரில் பிடித்து எடுத்த கண்மைக்குச் சொந்தக்காரப் பொருள். அது சேர்ந்தவுடன் ரப்பரின் தேய்மானம் பல மடங்கு குறைந்தது. சில வருஷங்களில் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இருந்த குட்ரிச் கம்பெனி இந்த முறையைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டது. இன்றைய டயரின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு இந்தக் கரிதான். கரி இன்னொரு வேலையும் செய்கிறது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை ரப்பருக்குள் போகவிடாமல் தானே வாங்கிக்கொள்கிறது. ஆகவே டயரின் கறுப்பு பூசிய நிறமல்ல. உள்ளே கலந்த உரம். மேலே பூசி அதைக் கூட்ட முடியாது.

பாலுக்கு வேர்வை சிந்தியவர்கள் யார் என்பதையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் பிறகு மலாயாவுக்கும் வந்தன. மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். பிரெஞ்சு இந்தோசீனாவில் 1920-களில் தோட்டங்கள் பெருகின. அங்கே வியட்நாமியக் கூலிகள் பட்ட பாட்டினால் 1930-இல் ஃபூ ரியெங் தோட்டத்தில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. சைகோனில் உத்தியோகம் பார்த்துப் பென்ஷனோடு திரும்பிய பெரியவர்கள் அந்நாளில் பாண்டியில் பல தெருக்களில் இருந்தார்கள். அவர்கள் சைகோன் காபிக் கடைகளைப் பற்றிப் பேசுவார்கள். தோட்டங்களைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

இனி டயர் எப்படிச் சாகிறது என்பதற்கு வருகிறேன். தேய்மானம் ஒரு சாவு. அது கண்ணுக்குத் தெரியும். பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்ற வேண்டும்; அதைக் காட்ட பள்ளத்துக்குள்ளேயே சின்ன மேடுகள் வைத்திருக்கிறார்கள். இன்னொரு சாவு மெதுவானது. காற்றில் மிகச் சிறிய அளவில் ஓசோன் இருக்கிறது. வானத்தின் உயரத்தில் அது நமக்குக் குடை. தரையில் ரப்பருக்கு எமன். இழுபட்டு நிற்கும் ரப்பரின் சங்கிலியை அது ஒவ்வொரு கண்ணியாக வெட்டுகிறது. அதனால்தான் பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்பு. உள்ளே ஆக்சிஜனும் சூடும் சேர்ந்து ரப்பரை விறைப்பாக்குகின்றன.

இதைத் தெரிந்துதான் தொழிற்சாலையில் டயருக்குள்ளேயே மெழுகும் சில காப்பு ரசாயனங்களும் கலந்து அனுப்புகிறார்கள். சக்கரம் உருளும்போது டயர் நசுங்கி விரிகிறது. அப்போது அவை மெல்ல மெல்ல மேலே வந்து ஒரு தோலாகப் படிகின்றன. டயரின் பக்கம் சில நாளில் பழுப்பாகத் தெரிகிறதே, நாம் அழுக்கென்று தேய்க்கிறோமே, அதில் ஒரு பங்கு இந்தக் காவல்காரன்தான். ஓடாமல் நிற்கும் வண்டியில் இந்த மெழுகு சரியாக மேலே வராது. என் முதல் கார் எட்டு வருஷத்தில் 22,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று பெருமையாக வாங்கினேனே, அதுதான் அந்த டயர்களின் நோய்.

டயரையும் வண்டியின் உட்புறத்தையும் மின்னவைக்க மனிதன் செய்யாததில்லை. அலுவலக ஜீப் ஓட்டுநர் ஒருவர், அமைச்சர் வருகிறார் என்றால் கறுப்பு ஷூ பாலிஷை டயருக்குப் போடுவார். டாக்சிக்காரர்கள் டேஷ்போர்டுக்கும் ரெக்சின் சீட்டுக்கும் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். ஏறி உட்கார்ந்தால் வேட்டி கறையாகும். தூசி முழுவதும் வந்து ஒட்டும். நாலு நாளில் காறல் வாடை வேறு.

அந்த ரெக்சினுக்கும் டயருக்கும் ஒரு உறவு உண்டு. நான் சொன்ன அதே குட்ரிச் கம்பெனியில் 1926-இல் வால்டோ செமன் என்ற வேதியியலாளர் ரப்பரை இரும்போடு ஒட்டவைக்கும் பசை தேடிக்கொண்டிருந்தார். பி.வி.சி. என்ற, யாருக்கும் உதவாத விறைப்பான பொருளை ஒரு திரவத்தில் கொதிக்கவைத்தார். அது வளைந்து கொடுக்கும் மெத்தென்ற பொருளாக மாறியது. கார் சீட்டும் கதவு உறையும் டேஷ்போர்டு மேலுறையும் அதன் வாரிசுகள். அதை மென்மையாக வைத்திருப்பது உள்ளே உள்ள அந்தத் திரவம்தான். வெயிலில் நிறுத்திய காரில் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. கண்ணாடியின் உட்புறம் படியும் எண்ணெய்ப் படலம் பெரும்பாலும் அதுவே. போகப் போக உறை விறைத்து வெடிக்கிறது. ஆக, டயரும் சரி, டேஷ்போர்டும் சரி, இரண்டும் உள்ளிருந்துதான் கிழடாகின்றன.

இந்த இடத்தில்தான் பையனின் பால் வருகிறது. அதன் உயிர் சிலிக்கோன் எண்ணெய். அந்தப் பெயரை வைத்தவர் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் ஆராய்ந்த ஃபிரெடெரிக் கிப்பிங். பல வருஷம் உழைத்தும், அதனால் பெரிய பயன் வரும் என்று அவர் நம்பவில்லை. 1940-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் யூஜின் ராக்கோ மலிவாகச் செய்யும் வழி கண்டார். இரண்டாம் உலகப் போரில் உயரப் பறக்கும் விமானங்களின் மின்சார இணைப்புகளில் ஈரம் புகாமல் அடைக்க முதலில் பயன்பட்டது. போர் முடிந்ததும் வீட்டு மரச்சாமான் பாலிஷுக்கும் கார் பாலிஷுக்கும் வந்துவிட்டது.

ஸ்பிரே டப்பாவில் வரும் சில வகைகளில் சிலிக்கோனைப் பெட்ரோலியக் கரைப்பானில் கரைத்திருப்பார்கள். கண்ணாடி போல மின்னும். ஆனால் மெக்கின்டோஷ் காலத்துப் பாடத்தை மறக்க வேண்டாம். அந்தக் கரைப்பான் டயரின் மெழுகையும் சேர்த்துக் கரைக்கும். தண்ணீரில் நீர்க்கும் வகையில் அந்தத் தொல்லை இல்லை. எண்ணெயை நுண்ணிய துளிகளாக உடைத்து, சோப்பு போன்ற ஒன்றின் உதவியால் தண்ணீரில் மிதக்கவிட்டிருக்கிறார்கள். ஒளி அந்தத் துளிகளில் பட்டுச் சிதறுவதால் பால் நிறம். அழும் மரத்தின் பாலும் இப்படித்தான். பூசினால் தண்ணீர் ஆவியாகும், எண்ணெய் மெல்லிய படலமாக நிற்கும். எவ்வளவு தண்ணீர் சேர்த்தோமோ அவ்வளவு படலம் மெலியும், மினுக்கமும் குறையும். நூல் பிடித்தாற்போன்ற கணக்கு. அப்படியே போட்டால் ஈரம் சொட்டுவது போன்ற பளபளப்பு. சரிபாதி தண்ணீரென்றால் புது டயரின் அடக்கமான கறுப்பு. நாலு பங்கு தண்ணீரென்றால் மினுக்கமே இல்லாத, துடைத்த சுத்தம். கேனில் எழுதியிருக்கும் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

வீட்டில் நானும் இப்போது இதைத்தான் கலக்கிப் போடுகிறேன். என் அனுபவத்தில் சில வார்த்தைகள். போர் தண்ணீரை விட பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில் கலந்தால் பால் திரியாது. ஒரு தடவைக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள்; கலந்து வைத்தால் நாறும். டயரைக் கழுவி நன்றாகக் காயவிட்டு, ஸ்பாஞ்சில் தொட்டுப் பக்கச்சுவருக்கு மட்டும் பூசுங்கள். பத்து நிமிஷம் கழித்து உலர்ந்த துணியால் துடையுங்கள். இல்லாவிட்டால் வண்டி கிளம்பியதும் தெறித்துக் கதவெல்லாம் புள்ளியாகும். உட்புறத்துக்கு நேரே அடிக்காமல் துணியில் நனைத்துத் துடையுங்கள். டேஷ்போர்டில் மினுக்கம் அதிகமானால் அதன் நிழல் முன் கண்ணாடியில் விழுந்து எதிர் வெயிலில் கண் கூசும். நம் வயதில் அது ஆபத்து.

தொடவே கூடாத இடங்களும் உண்டு. ஸ்டியரிங், பெடல், பிரேக் வட்டு, டயரில் தரையைத் தொடும் பட்டன் பகுதி. ஸ்கூட்டர், பைக் டயருக்கு வேண்டவே வேண்டாம்; வளைவில் சாயும்போது ஓரம்தான் தரையைத் தொடுகிறது. பெயிண்ட் அடிக்கப் போகும் வண்டிக்கும் பூசாதீர்கள். சிலிக்கோன் பட்ட தகட்டில் பெயிண்ட் பிடிக்காமல் மீன் கண் போலக் குழி குழியாக விலகும். டிங்கரிங் கடைக்காரர் திட்டுவார்.

ஆனால் ஒன்று. இந்தப் பால் டயருக்கு உணவும் அல்ல, மருந்தும் அல்ல. வெடிப்பை அடைக்காது, மறைக்கும். ஓசோனுக்குச் சுவராக நிற்காது. ஒன்பது வயது ரப்பரை ஒரு நாள் கூட இளமையாக்காது. சுத்தமாகத் தெரியவைக்கும், அவ்வளவுதான். அதுவரை குற்றமில்லை. நாமும் கல்யாணத்துக்குப் போகும்போது தலைக்குச் சாயம் போட்டுக்கொள்கிறவர்கள்தானே. ஆனால் பென்ஷன் ஆபீசில் உயிர்ச்சான்று கொடுக்கும்போது பிறந்த தேதியைத்தான் கேட்பார்கள், தலைச்சாயத்தை அல்ல.

இந்தக் கட்டுரைக்குக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன். வலது கண்ணில் பார்வை குறைந்துவிட்டது. இனி ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெடித்த அந்தக் காரைக் கொடுத்துவிட்டு 2011-இல் புதிதாக வாங்கிய இரண்டாவது காரை விற்க வேண்டிய நேரம். அதற்காகத்தான் வாட்டர் சர்வீசுக்குப் போனேன். மகன் போனில் சொன்னான்: "அப்பா, டயருக்கு நல்லா பாலிஷ் போட்டு போட்டோ எடுங்க. பட்டன் நிறைய இருக்கு, நாலு டயரும் புதுசு மாதிரின்னு போட்டா பத்தாயிரம் கூட வரும்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. பட்டன் இருக்கிறது. மாற்றிய பிறகு அதிகம் ஓடவில்லை. பையனிடம், "தம்பி, பூசு" என்றேன். பூசினான். மின்னியது. குனிந்து பார்த்தேன். அந்தச் சின்னக் கட்டத்தில் பால் தேங்கியிருந்தது. துணியால் துடைத்தேன். 3217. எட்டு வயது. டயர் கம்பெனிகளே ஐந்து வருஷத்துக்குப் பிறகு வருஷா வருஷம் பரிசோதிக்கவும், பத்தாம் வருஷத்தில் எப்படி இருந்தாலும் மாற்றவும் சொல்கின்றன. சட்டப்படி குற்றமில்லை. இன்னும் இரண்டு வருஷம் ஓடலாம், ஓடாமலும் போகலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பதி பார்க்க வந்தார்கள். விழுப்புரத்தில் வேலை, பாண்டியில் வீடு. கைக்குழந்தை. அந்த இளைஞர் நேராக டயரிடம் போனார். "நல்லா இருக்கே சார்" என்றார். பின் இருக்கையில் அந்தப் பெண் குழந்தையோடு ஏறி உட்கார்ந்து பார்த்தாள். இடது பக்கம்.

"தம்பி, இங்கே வாங்க" என்று கூப்பிட்டு அந்த எண்ணைக் காட்டினேன். படிக்கும் முறையைச் சொன்னேன். "விலையில் நாலு டயர் காசைக் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் கழித்த காசில் டயர்தான் வாங்க வேண்டும். ஈ.சி.ஆரில் போவதற்கு முன்னால் வாங்க வேண்டும்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். விற்கிறவன் இப்படிப் பேசி அவர் கேட்டிருக்க மாட்டார். மரக்காணத்துக் கதையைச் சொன்னேன். அந்தப் பெண் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வண்டியை வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. புது டயர், பாலிஷ் எதுவும் இல்லாமல், சின்னக் கட்டத்தில் இந்த வருஷத்து எண். மகன் இன்னும் பத்தாயிரக் கணக்கைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். சொல்லட்டும். அன்று பாட்டி மடியில் இருந்தது அவன் பிள்ளைதான். அதை நினைவுபடுத்தினால் பேச்சை மாற்றுகிறான்.

வீட்டில் கார் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதைப் படித்து முடித்ததும் கீழே இறங்கிப் போய், ஒரு ஈரத்துணியால் டயரின் பக்கத்தைத் துடைத்து அந்த நான்கு எண்களைப் பாருங்கள். நான்கு டயருக்கும் பாருங்கள். ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். குனிய முடியாதவர்கள் பேரப்பிள்ளைகளைக் கூப்பிடுங்கள், அவர்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.